வேர்க்காத பிராணி

காது சுடுகிறது. கொஞ்சம் முன்னால் தொட்டபோதும் சுட்டது. அதற்கு முன்னால் தொட்டபோது இவ்வளவு இல்லை. இருந்ததோ என்னவோ. என் கையே கொதிக்கிறது, அதை வைத்து எந்தச் சூட்டைத் தெரிந்துகொள்வது. முயலுக்குக் காதுதான் எல்லாம் என்று மகள் இந்துமதி சொன்னாள். உடம்புச் சூடு காது வழியாகத்தான் வெளியே போகுமாம். அதற்கு வேர்க்காதாம். வேர்க்காத பிராணியை எதற்கு வேலூருக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். இது கத்திரி வெயில். மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. கூரை காய்ந்து அந்தச் சூடு அப்படியே தலையில் இறங்கும், இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். பராமரிப்புப் பணி. சாயந்தரம் வரைக்கும் வராது என்று பேப்பரில் போட்டிருந்தான். நான் அதைப் படிக்கவில்லை, அந்தப் பக்கத்தைத்தான் மடித்து முயலுக்குக் கீழே விரித்திருந்தேன். கரண்ட் போன பிறகு கூண்டைச் சுத்தம் பண்ணும்போது பார்க்கிறேன், எங்கள் தெருப் பேர், மின்தடை நேரம், எல்லாம் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஏ.சி. நின்றதும் கதவை இழுத்துச் சாத்திக் குளிரைப் பிடித்து வைத்தேன். குளிர் என்ன கட்டிப்போட்ட மாடா, அது பாட்டுக்குப் போய்விட்டது. ஃப்ரீசரில் மகள் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கள் கல் மாதிரி இருந்தன. துண்டில் சுற்றி முயல் பக்கத்தில் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அப்புறம் அதுவே போய்ச் சாய்ந்து படுத்தது. இப்போது அந்தத் தண்ணீர் கழுநீர் மாதிரி வெதுவெதுவென்று இருக்கிறது. ஜன்னலில் என் பெண்டாட்டி சம்பூர்ணத்தின் புடவையை நனைத்துத் தொங்கவிட்டேன். காற்று இருந்தால்தானே. புடவை காய்ந்ததுதான் மிச்சம். ஏய். உன்னைத்தான். எழுந்திரு. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பின்னங்காலை நீட்டி, வயிறு தரையில் ஒட்ட, கழற்றிப் போட்ட காலுறை மாதிரி கிடக்கிறது. வாயை மட்டும் திறக்கக் கூடாதாம். மூக்கால எவ்வளவு வேணா மூச்சு விடட்டும்பா, வாயத் தொறந்துட்டா தாங்காது என்றாள் மகள். தரையில் குப்புறப் படுத்து அதன் வாயைப் பார்க்கிறேன். மூடித்தான் இருக்கிறது. மூக்கு மட்டும் தையல் மிஷின் ஊசி.

இது செத்தால் சம்பூர்ணத்துக்கு என்ன பதில் சொல்வது. அவளால் திருப்பிக் கேட்க முடியாது. அதுதான் விஷயமே. தை மாசத்தில் ஒரு காலை காபி டம்ளரைக் கீழே போட்டாள். திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் என் பெண்டாட்டியின் வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், வலது கை, வலது கால். கால் திரும்பி வந்துவிட்டது, இழுத்து இழுத்து நடக்கிறாள். கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. காது கேட்கிறது, புரிகிறது, சீரியலில் அழுகிற இடத்தில் அழுகிறாள், நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் சிரிக்கிறாள், வாயில் மட்டும் ஒரு சொல் இல்லை. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடைப்பாம். வலது கை விரல்களுக்கு வேலை கொடுங்கள், மெத்தென்று எதையாவது தடவட்டும் என்றார்கள். ஒரு பொம்மை போதும் என்றேன். இந்துமதி முயலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளை. பட்டு என்று பேரும் அவளே வைத்தாள். மடியில் விட்டதும் சம்பூர்ணம் இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் முதுகில் வைத்தாள், கனமான பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி. கொஞ்ச நாள் போயிற்று. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து குரல். பட்டு. தெளிவாக. நான் எழுந்த வேகத்தில் மூக்குக் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அது வருகிறது. காலையில் வருகிறது, விளக்கு வைக்கிற நேரத்தில் வருகிறது. இந்த வீட்டில் அவள் குரல் என்று மிச்சமிருப்பது முழுக்க இந்தப் பிராணியின் பேரில்தான் இருக்கிறது. இது போனால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும். எதைப் பார்த்துச் சொல்வாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் அழுவாள். அழுகை எனக்கு ஆகாது.

முயலிடம் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஒயரைக் கடிக்கிறது. என் செருப்பு வாரைத் தின்றுவிட்டது. அவள் கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போவது, அதுதான் எனக்கு இப்போது உத்தியோகம். விடிந்தும் விடியாமலும் கட்டிலில் இருந்து பட்டு என்பாள், நான் எழுந்து கூண்டைத் திறந்து, அது உதைக்க உதைக்க, கொண்டுபோய் அவள் பக்கத்தில் விடுவேன். சில நாள் தடவுவாள். சில நாள் வேண்டாம் என்று தள்ளுவாள். கூப்பிட்டது நீதானே என்பேன். ஒரு பார்வை பார்ப்பாள். ஒரு நாள் குளிக்கும்போது உள்ளேயிருந்து விடாமல் கூப்பிட்டாள், பட்டு, பட்டு என்று. முயலைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கதவை ஒரு சாண் திறந்து முயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். குளிக்கிற இடத்தில் முயலை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தாளோ. பிடிவாதம். அது மட்டும் அடைப்பில் மாட்டிக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான். பேச்சுப் பயிற்சிக்குப் போக இந்துமதி ஆட்டோ கொண்டுவந்தாள். வாசலில் நின்று திரும்பி, பட்டு என்றாள் சம்பூர்ணம். முயலைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி பட்டு. அதன் முன்னங்காலைப் பிடித்து டாட்டா காட்டினேன், எனக்கே அசிங்கமாக இருந்தது. சூள் கொட்டினாள். அம்மாவுக்கு அத விட்டுட்டுப் போக மனசு இல்லப்பா, கரண்ட்டும் இல்ல, பாத்துக்குங்க என்றாள் மகள். நான் சம்பூர்ணத்தைப் பார்த்து, நீ வர்றப்ப இருக்கும், போ என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாத வாக்கு என்றால் தவறினாலும் தெரியாது.

எனக்கு வெயில் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். தகரக் கூண்டு. கூரையும் தகரம், சுவரும் தகரம், உள்ளே நான் ஒருத்தன். திருவண்ணாமலை எடு, ஆரணி பின்னால போ, என்னய்யா அங்க டீ குடிச்சிட்டு நிக்கிற, இவ்வளவுதான் ஆயுசு முழுக்கப் பேசியது. வீட்டுக்கு வந்தால் பேச ஒன்றும் இருக்காது. பேச வேண்டியதும் இல்லை, அவள் பேசுவாள். வந்து உட்கார்ந்ததும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். உச்சியில் ஒரு சொட்டு, கால் கட்டைவிரலில் ஒரு சொட்டு, தொப்புளில் ஒரு சொட்டு. சூடு எறங்கிடும், அசையாதீங்க என்பாள். அசையாமல் இருப்பேன். இறங்கும். இதை ஏன் இப்போது நினைத்தேன் என்றால், மகள் போகும்போது காதில் எதையோ தொட்டு வைக்கச் சொன்னாள், ரொம்பச் சுட்டா காதுல தொட்டுத் தொட்டு வைங்கப்பா என்று. எதை என்று சொன்னது காதில் விழவில்லை. அந்த நேரத்தில் நான் ஆட்டோக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், வண்டியைப் படி பக்கத்தில் விடாமல் வெயிலில் விட்டிருந்தான். காதில் தொட்டு வை. சூட்டுக்குத் தொட்டு வைக்கிற சாமான் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். சமையலறையில் அலமாரி மேல்தட்டில் இருந்தது. சம்பூர்ணம் விழுந்ததிலிருந்து யாரும் தொடாத சீசா, மூடி ஒட்டிப்போயிருந்தது. விரலில் தொட்டு முயலின் உச்சியில் வைத்தேன், காது இரண்டின் பின்னாலும் தடவினேன், அப்புறம் நாலு பாதத்திலும். தொப்புள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அசையாதே என்றேன். அசையவில்லை, பாவம், அசையத் தெம்பில்லை. ஒரு நிமிஷம் எனக்குத் திருப்தியாக இருந்தது. கைக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிட்ட மாதிரி. அப்புறம் அது தலையைத் தூக்கியது, முன்னங்காலை வாய்க்குக் கொண்டுபோனது, நக்கியது. நக்கு நக்கு என்று நக்கியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விளக்கெண்ணெய் வேறு எதற்கெல்லாம் கொடுப்பார்கள் என்று அப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இந்துமதிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆஸ்பத்திரி நடையில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள், அம்மா உள்ள இருக்காங்கப்பா, என்ன. சொன்னேன். எண்ணெயா, என்றாள். காதுக்குத் தண்ணிதானப்பா சொன்னேன். நக்கிட்டா வயித்தால போய்டும்பா, ஏற்கெனவே சூட்டுல கெடக்குது, அதால வாந்தி எடுக்கவும் முடியாது. முயலுக்கு வாந்தி வராதாம். வேர்க்கவும் வேர்க்காது, வாந்தியும் வராது, உள்ளே போனது உள்ளேயே. என்ன படைப்பு இது. தொடச்சி எடுங்க, நக்க விடாதீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். துணியால் துடைத்தேன். எண்ணெய் பரவியது. தண்ணீர் விட்டுத் துடைத்தேன். ரோமம் முள்ளு முள்ளாக நின்றது, எண்ணெய் போகவில்லை. எண்ணெய் போக வேண்டுமென்றால் சீயக்காய், கண்ணில் பட்டால் எரியும். கடலை மாவு எரியாது. டப்பாவோடு கொண்டுவந்து உச்சியில், காதில், பாதத்தில் தூவித் தேய்த்தேன். ஈரம், எண்ணெய், மாவு. எப்படி இருக்கும். ஊரெல்லாம் மெச்சுகிற வெள்ளை முயல், இப்போது மஞ்சள் நிறத்தில், இரண்டு காதும் விறைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டிக்குக் காத்திருக்கிற சாமான் மாதிரி என்னைப் பார்க்கிறது. மேல் மாவை எல்லாம் தட்டி எடுத்துவிட்டேன். நக்குவது நின்றது. மாவு பிடிக்கவில்லையோ, தெம்பு போய்விட்டதோ. இரண்டில் எது. இதை யாரிடம் கேட்பது. குனிந்து பார்த்தேன். மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. நூல் அளவு. முன்னால் இருந்ததா. இருந்திருக்கும். இல்லை, இருந்திருக்காது. நூல் கொஞ்சம் அகலமானது, மூடியது, மறுபடி அகலமானது.

கீழே தடதடவென்று சத்தம். ஜெனரேட்டர். தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் நடை விளக்குக்கும் ஓடுகிறது. வீடுகளுக்குக் கிடையாது. வீட்டுக்கு ஒரு விசிறி, ஒரு விளக்கு என்று இழுத்துவிடலாம் என்று அபார்ட்மெண்ட் செக்ரட்டரி ஏகநாதன் மீட்டிங்கில் சொன்னபோது எழுந்து நின்று வேண்டாம் என்றவன் நான். தகரக் கூண்டில் இருந்தவன் நான், ஒரு நாள் வேர்த்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்றேன். எல்லோரும் சிரித்து, சரி சரி என்று விட்டுவிட்டார்கள். வேர்க்கிறவர்கள் சாக மாட்டார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தத் தடதடச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், லிஃப்டுக்கு ஓடுகிறது, லிஃப்டுக்கு ஓடுகிறது, லிஃப்டுக்குள் மேலே ஒரு விசிறி இருக்கிறது. வயர் கூடையை எடுத்தேன். அடியில் ஈரத் துண்டு, அதன் மேல் முயல். கக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு கையில் நனைத்த கைக்குட்டை, காதுக்கு, இந்தத் தடவை தண்ணீர்தான். கதவைப் பூட்டினேனா என்று தெரியவில்லை. எவன் வந்து எதைக் கொண்டுபோகப் போகிறான், எல்லாம் கூடையில் இருக்கிறது. லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் காற்று அடித்தது. எண்ணெய்ப் பிசுக்கும் யாரோ காலையில் போட்டுக்கொண்டு போன பவுடர் வாசனையும் கலந்த காற்று. ஸ்டூலைப் போட்டேன், உட்கார்ந்தேன், கூடையை மடியில் வைத்தேன். காற்று நேராக அதன் முதுகில் இறங்கி மாவைக் கிளப்பியது. அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தேன், விசிறி நின்றுவிட்டது. லிஃப்ட் சும்மா நின்றால் அதுவும் நின்றுவிடுமாம். ஓடினால்தான் ஓடும். சரி. கீழே அமுக்கினேன். கீழே போனதும் மேலே அமுக்கினேன்.

இப்படியே போகிறது. மேலே, கீழே. முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன், பஸ்தான் போகும் வரும். கைக்குட்டையால் காதை ஒற்றுகிறேன். காதுக்குள் நரம்பெல்லாம் சிவப்பாகப் புடைத்துத் தெரிகிறது, ஆலிலையை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி. கீழே ஒரு தடவை கதவு திறந்தபோது ஏகநாதன் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் ஏன் விடாமல் ஓடுகிறது, பழுதா என்று பார்க்க வந்தாராம். என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். மீட்டிங்கில் தான் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று ஆரம்பித்து, முயலின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீசல் போவுது சார், என்று மட்டும் சொன்னார். போவட்டும் என்றேன். கரண்ட் வந்து ஜெனரேட்டர் மாறும்போது லிஃப்ட் நடுவில் நின்று இருட்டாகிவிடும், கொஞ்ச நேரம்தான், பயந்துகொண்டு கதவை இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். இதை வேறு நினைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை இரண்டாவது மாடியில் அந்த மாடி வீட்டுப் பெண் ஷமீம் ஏறினாள், மார்க்கெட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன், மேலே மாடியில் காய்கிற வற்றலைப் பார்க்கப் போகிறாளாம். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அங்கிள், மொயலுக்கு மாவெல்லாம் தடவி ரெடியா வெச்சிருக்கீங்க. எண்ணெ காஞ்சிடுச்சா?"

எண்ணெய்தான் முதல் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, விளக்கவும் எனக்குப் பொறுமையில்லை. ஆனால் விளக்கினேன், இரண்டு மாடி ஏறுவதற்குள். சிரிக்க ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஆன்ட்டி வந்தா இன்னா சொல்வீங்க என்று கேட்டாள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே போனவள் திரும்பி வந்து, அடுத்த நடையில் கதவைக் கையால் தடுத்து, ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கூடையில் போட்டாள். முயல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடும் அங்கிள், பயப்படாதீங்க என்றாள். பயமா. யாருக்குப் பயம்.

மேலே. கீழே. வாய் மூடியிருக்கிறது. இல்லை, நூல் இருக்கிறது. காது கொஞ்சம் ஆறியிருக்கிறது, அல்லது என் கை கைக்குட்டை ஈரத்தில் ஆறியிருக்கிறது. பேச்சுப் பயிற்சி முடிந்திருக்கும். இன்றைக்கு என்ன கேட்டார்களோ. போன தடவை நானும் போயிருந்தேன். சின்னப் பெண், சிரித்த முகம், படங்களைக் காட்டிக்கொண்டே போனாள். மாம்பழம். சாவி. சைக்கிள். சம்பூர்ணம் எல்லாவற்றையும் பார்த்தாள், உதட்டைக் குவித்தாள், காற்றுதான் வந்தது. கடைசியில் அந்தப் பெண் என்னைக் காட்டி, இவர் யாரும்மா, பேரு சொல்லுங்க என்றாள். சம்பூர்ணம் தலை குனிந்துகொண்டாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். இதுவும் வரவில்லை என்று தட்டியிருப்பாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சு இருந்த காலத்திலேயே அவள் சொன்னதில்லை. தணிகாசலம் என்று ஒரு தடவை, சும்மா, கோபத்தில்கூட வந்ததில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் சுவரில் இருக்கிற முருகன் காலண்டரைக் காட்டுவாள். கடைக்காரன் முருகேசனா, சுப்ரமணியா, வேலாயுதமா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவான், தணிகாசலம் வந்ததும் தலையை ஆட்டுவாள். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அத கேக்காதீங்க, அவ சொல்ல மாட்டா என்றேன். அப்ப உங்கள எப்படித்தான் சார் கூப்பிடுவாங்க என்றாள் அந்தப் பெண். ஏங்க, என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏங்க, கேஸ் வந்துடுச்சு. ஏங்க, பால் பொங்குது பாருங்க. ஏங்க, துண்டு. ஏங்க, தூங்கிட்டீங்களா. ஒரு நாளைக்கு எத்தனை. தகரக் கூண்டில் டிரைவர்கள் பிடுங்குவது போதாதென்று வீட்டிலும் ஏங்க, ஏங்க. ஒவ்வொன்றுக்கும் என்ன என்று கத்துவேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பெண் சம்பூர்ணத்திடம் குனிந்து, அப்ப அதையே கூப்பிடுங்கம்மா, அவரக் கூப்பிடுங்க என்றாள். சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பட்டு, என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் எழுந்து வெளியே வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கேயுமா முயல்.

கீழே போனதும் கதவு திறக்கிறது, ஆட்டோ நிற்கிறது. சம்பூர்ணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்துகொண்டிருக்கிறாள். நான் எழுந்து நிற்க மறந்துவிட்டேன். மகளுக்கு ஆட்டோவில் எதையோ காணவில்லை, மாத்திரைப் பை, நீங்க போங்கப்பா, நான் பின்னால வரேன் என்கிறாள். சம்பூர்ணம் லிஃப்டுக்கு முன்னால் நின்று பார்க்கிறாள். வயசான ஆள் ஒருத்தன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் மஞ்சள் முயல், சட்டையெல்லாம் மாவு. இருக்கு, என்றேன். உயிரோடதான் இருக்கு. எழுந்து ஸ்டூலை அவளுக்குத் தள்ளினேன். உட்கார்ந்தாள். கூடையை அவள் மடியில் வைத்தேன். வலது கையை இடது கையால் தூக்காமல் தானாகவே கொண்டுபோய் முயலின் உச்சியில் வைத்தாள், விரலை எடுத்து மோந்து பார்த்தாள். விளக்கெண்ணெய். அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆமா, என்றேன். சூடா இருந்துச்சு. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மேலே அமுக்கினேன். முதல் மாடி தாண்டியிருக்கும். தடதடச் சத்தம் நின்றது. விசிறி நின்றது. இருட்டு.

கொஞ்ச நேரம்தான், என்றேன். கரண்ட் வந்துடுச்சு, மாத்துறாங்க. அவளுக்குச் சொன்னேனோ எனக்கோ. காற்று நின்றதும் புழுக்கம் நாலு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. என் மூச்சு கேட்டது. அவள் மூச்சு கேட்டது. மூன்றாவது மூச்சு கேட்கவில்லை. அதைத்தான் தேடினேன், காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, கேட்கவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இருட்டில் விட்டுவிட்டோமா, அவள் மடியிலேயேவா, கையை நீட்டிக் கூடையைத் தேடினேன், கை சுவரில் இடித்தது. அப்போது கறுக் என்று ஒரு சத்தம். கறுக், கறுக். வெள்ளரிப் பிஞ்சு. தின்கிறது. சுவரில் சாய்ந்தேன்.

"பட்டு," என்றாள் சம்பூர்ணம்.

இருக்கு, உன் மடியிலதான் இருக்கு, தின்னுது பாரு, கேக்குதில்ல, என்றேன்.

"பட்டு."

மடியிலதான்டி இருக்கு. எரிச்சலாக வந்தது. இவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். கறுக் கறுக் என்று அவள் வயிற்றின் மேலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது, எனக்கே கேட்கிறது, கை அதன் முதுகில்தான் இருக்கும், பிறகு எதைக் கூப்பிடுகிறாள். சட்டை நுனியை எதுவோ பிடித்தது. விரல்கள். இழுக்கத் தெம்பில்லாத விரல்கள், வலது கை விரல்கள், துணியில் தடுமாறி என் மணிக்கட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டன, எண்ணெயும் மாவுமாக. வேர்த்திருந்த என் கையை அவள் விடவில்லை. குளியலறைக் கதவு. ஒரு சாண் திறந்த கதவு. வெளியே கொடியில் அப்போது துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விடிகாலைக் கட்டில், முயலைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்த பார்வை. ஆஸ்பத்திரியில், அவரக் கூப்பிடுங்க. இன்றைக்கு வாசலில் திரும்பி நின்று ஒரு தடவை, இரண்டு தடவை, நான் முயலின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக.

"பட்டு," என்றாள், மெதுவாக.

"என்ன?" என்றேன்.